அளவும் ஆசாரமும்

உற்சவ நாளில் திருக்கோயிலுக்கு வரும் அடியார் ஒருவர், பெருமாளைச் சேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் ஸ்ரீசடகோபமும் பெற்றபின், மடைப்பள்ளிப் பிரசாதத்தை ஒரு தொன்னையில் ஏந்திக்கொண்டு பிராகாரத்தில் அமர்கிறார். அதில் இருப்பது ஒரு பிடி அன்னமே. அது எத்தகைய பொருள்களால் ஆயிற்று என்று அவர் ஐயுறுவதில்லை. யார் கையால் சமைக்கப்பட்டது என்று வினவுவதில்லை. இவ்வளவுதானா என்று குறைப்படுவதுமில்லை. எது, எவருடையது, எவ்வளவு என்று உணவைப் பற்றி எழக்கூடிய மூன்று வினாக்களும் அந்தச் சிறு தொன்னையிலேயே தீர்ந்துவிடுகின்றன.

கோயிலுக்கு வெளியே, அன்றாட வாழ்வில், அவ்வினாக்கள் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. கடல் கடந்து வாழும் அடியார்களுக்கோ அவை நாள்தோறும் எழுகின்றன. அவர்களுள்ளும், உடற்பருமனைக் குறைத்தாக வேண்டும் என்று மருத்துவர் விதித்து, அதற்கென்றே அளந்து அடைத்து விற்கப்படும் உணவை உண்ண முற்பட்ட ஒருவருக்கு அவை மூன்றும் ஒரே வேளையில் எதிரே வந்து நிற்கின்றன. புலால் உண்ணா விரதத்தைக் கைவிடாமல் அத்தகைய உணவுமுறையைக் கைக்கொள்ள இயலுமா? இயலுமாயின், விரதம் என்பது எதில் நிலைகொண்டுள்ளது? இவ்வினா சிறிதாகத் தோன்றினும், ஆராயுங்கால் ஆசாரத்தின் வேர்வரை செல்வதாகும்.

பெட்டியில் வரும் உணவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின்னர், தென்னாட்டு மருத்துவர்களும் பொறியியலாளர்களும் பெருந்தொகையினராய்ச் சென்று குடியேறினர். பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பென் ஹில்ஸ் என்னுமிடத்தில், ஸ்ரீ வேங்கடேசுவரர் திருக்கோயில் 1970களில் எழுந்தது. அதே மாநிலத்தில் 1972ஆம் ஆண்டில் நியூட்ரிசிஸ்டம் என்னும் எடைக்குறைப்பு நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1983ஆம் ஆண்டில் ஜென்னி கிரெய்க் நிறுவனம் தோன்றி, பின்னர் அமெரிக்காவிலும் கிளைத்தது. இவற்றைப் போல வேறு பலவும் உண்டாயின.

இவ்வகைத் திட்டங்களின் முறை எளியது. காலையுணவு, பகலுணவு, இரவுணவு, இடையே ஒரு சிற்றுண்டி எனத் தனித்தனியே அளந்து அடைத்து, பல நாளுக்கு உரியவற்றை ஒருசேரப் பெட்டியிலிட்டு இல்லத்துக்கு அனுப்பிவிடுவர். வாங்கியவர் காய்கறி, பழம், பால் போன்றவற்றைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கான திட்டங்களில் நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 கலோரி அளவில் உணவு அமைவது பொதுவான வழக்கம். இன்னும் ஒரு கரண்டி என்று இலையில் விழுவதற்கு இதில் இடமில்லை. அளவைப் பிறர் வரையறுத்துவிடுகின்றனர்; உண்பவர் அதற்குள் நின்றுவிடுகிறார். இதுவே அம்முறையின் வலிமை.

அந்நாட்டில் வாழும் வைணவக் குடும்பத்து அம்மையார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை நோய் கண்டுவிட்டது. முழங்கால் வலியால் சந்நிதியில் விழுந்து சேவிக்க இயலவில்லை. உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐக் கடந்தாலே ஆசிய மக்களுக்கு நோய்க்கான வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது என்றும், 27.5ஐக் கடந்தால் அது மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவின் அறிக்கை 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வரம்புகளைச் சுட்டி, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்கிறார் மருத்துவர். மகன் அன்போடு பெட்டியுணவுக்குப் பணம் கட்டுகிறான். பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் கோழியும் மாட்டிறைச்சியும் கலந்தவை. எஞ்சியவற்றிலும் எது தக்கது, எது தகாதது என்று விளங்கவில்லை. 'மருந்து என்று எண்ணிக்கொள் அம்மா. உடம்பு இருந்தால்தானே விரதம்?' என்கிறான் மகன். அவன் சொல்லில் அன்பு உண்டு. நியாயம் உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மூவகைத் தோஷம்

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், இடைவிடாத பகவத் தியானம் கைகூடுவதற்குரிய ஏழு சாதனங்களை, தமக்கு முற்பட்ட வாக்யகாரரின் வழிநின்று எடுத்துரைக்கிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. விவேகம் என்றவுடன் நூலறிவையும் தத்துவ ஆராய்ச்சியையும் எதிர்பார்ப்போர் வியப்புறுவர். ஈண்டு விவேகம் என்று சொல்லப்படுவது, தோஷமற்ற உணவால் உடலைத் தூயதாக வைத்துக்கொள்வதேயாகும். ஏழு படிகளில் முதற்படி அடுப்பங்கரையில் தொடங்குகிறது.

உணவின் தோஷம் மூவகைப்படும். பொருளின் இயல்பாலேயே வருவது ஜாதி தோஷம். புலால், பூண்டு முதலியன இதன்பாற்படும். உணவு யாரிடமிருந்து வருகிறதோ அவரைப் பற்றி வருவது ஆச்ரய தோஷம். எச்சில் படுதல், மயிர் விழுதல் போன்ற சேர்க்கையால் வருவது நிமித்த தோஷம். இம்மூன்றையும் பெட்டியுணவோடு பொருத்திப் பார்க்கத் தகும்.

முதலாவதாகிய ஜாதி தோஷத்தை அறிய அந்நாட்டுச் சட்டமே பெரிதும் உதவுகிறது. பொட்டலத்தில் சேர்ந்துள்ள பொருள்களை எடையில் மிக்கது முதலாகக் குறைந்தது ஈறாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. ஒவ்வாமை விளைவிக்கும் பொருள்களுள் முட்டை, மீன் முதலியவற்றை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிக்கவேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கிறது. எனினும், படிக்கத் தெரிந்தவர்க்கே அவ்வரிசை பயன்படும். காய்கறி சூப் என்று பெயர் தாங்கியதில் கோழி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கக் கூடும். ஜெலட்டின் என்பது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. பாலாடைக்கட்டியை உறையவைக்கும் ரென்னட், கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம், நுண்ணுயிரிகளால் ஆக்கியதாகவும் இருக்கலாம். அச்சில் இரண்டும் 'நொதி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். உவூஸ்டர்ஷயர் சாஸ் என்னும் குழம்பில் நெத்திலி போன்ற சிறுமீன் சேர்ப்பது வழக்கம். 'இயற்கை மணம்' என்ற சொல்லோ இறைச்சியிலிருந்து எடுத்ததையும் குறிக்கலாம்.

பாரதத்தில் 2001ஆம் ஆண்டு தொடங்கி வந்த விதிகளால், பொட்டல உணவின்மேல் இருக்கும் பச்சைப் புள்ளியைக் கண்டே மரக்கறி உணவை அடையாளம் காணலாம். முட்டை சேர்ந்தது அப்புள்ளியைப் பெறாது. அமெரிக்காவில் அரசு விதித்த அத்தகைய குறியில்லை. அங்கு மரக்கறி உணவு என்ற பெயருக்குள் முட்டையும் பெரும்பாலும் அடங்கும். யூதர்களின் உணவு விதிக்குரிய முத்திரையைச் சிலர் துணையாகக் கொள்வர். பாலும் இறைச்சியும் அற்றது என்று அம்முத்திரை காட்டும் உணவிலும் முட்டையோ மீனோ இருத்தல் கூடும் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

இரண்டாவதாகிய ஆச்ரய தோஷத்தைப் பெட்டியுணவில் முழுதும் ஆராய இயலாது. எவர் ஆக்கினார், எக்கலத்தில் ஆக்கினார், முன்னர் அக்கலத்தில் எது வெந்தது என்பன மறைந்தே இருக்கும். மூன்றாவதைப் பொறுத்தவரை, ஆலையின் தூய்மைக்கு அரசின் கண்காணிப்பு உண்டு. ஆயினும் ஆக்கிப் பன்னாள் சென்ற உணவு அது என்பதை மறுக்க இயலாது. கீதையின் பதினேழாம் அத்தியாயம், ஆக்கி நேரம் கடந்து சுவை கெட்ட உணவைத் தாமசத்தில் வைக்கிறது. யாத்திரை செல்வோர் புளியோதரையும் பொரித்த பண்டமும் கட்டிக்கொண்டு போவதையும், நெய்யோ எண்ணெயோ கலந்தவற்றுக்கு ஸ்மிருதிகள் நெகிழ்ச்சி காட்டுவதையும் சிலர் எடுத்துக்காட்டலாம். நெகிழ்ச்சி வழிச்செல்வோர்க்கு உரியது. அதுவே நாளும் நடக்கும் முறையாவது வேறு.

ஆகவே, மூன்று தோஷங்களுள் இரண்டு உண்பவரின் கைக்கு முற்றும் எட்டாதவை. முதலாவது முயன்றால் எட்டும். கைக்கு எட்டாததைச் சுட்டி, எட்டுவதையும் கைவிடுவது அறமாகாது. வெங்காயமும் பூண்டும் விலக்கும் இல்லத்தார்க்கு, அவற்றின் பொடி சேராத ஆலையுணவு கிட்டுவது அரிது. அது கிட்டாத நிலையிலும் புலாலையேனும் உறுதியாக விலக்குவது சிறிய காரியமன்று. மேல்படியில் கால் வைக்க இயலவில்லை என்பதற்காகக் கீழ்ப்படியிலிருந்தும் குதித்துவிட வேண்டுவதில்லை.

புலால் விலக்குவதற்கு வேறொரு வேரும் உண்டு. ஏழு சாதனங்களுள் கல்யாணம் என்பதில் சத்தியம், தயை, தானம் முதலியவற்றோடு அஹிம்சையும் எண்ணப்படுகிறது. விவேகம் உண்பவரின் தூய்மையை நோக்குகிறது. அஹிம்சை உண்ணப்படும் உயிரின் துன்பத்தை நோக்குகிறது. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்ற கருத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் வலியுறுத்துகிறது. பெட்டி வந்தபின் கோழி கலந்ததை அண்டை வீட்டார்க்குக் கொடுத்துவிடலாம். அன்னத்தை எறிவதைக் காட்டிலும் அது நன்று. ஆனால் பணம் கட்டியபோதே வாங்குதல் நிகழ்ந்துவிட்டது. ஆதலால் ஆராய்ச்சி பெட்டியைத் திறக்கும்போதன்று, பெட்டியைக் கேட்பதற்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். மரக்கறி வகைகளைத் தனித் தொகுப்பாகத் தருமாறு கேட்பதும், ஐயமுள்ளவற்றைப் பற்றி எழுதி விடை பெறுவதும் அவ்வாராய்ச்சியின் பகுதிகள்.

உஷஸ்தி உண்ட பயறு

இனி, மருந்தென்று எண்ணி உண்ணலாகாதா என்ற மகனின் வினாவுக்கு வருவோம். இதற்குச் சாந்தோக்ய உபநிஷத்தின் முதல் அத்தியாயத்தில் விடை இருக்கிறது. குரு நாட்டில் விளைவு அழிந்து பஞ்சம் வந்தகாலத்தில், உஷஸ்தி என்னும் வேதம் வல்லார் தம் இளம் மனைவியோடு வறுமையில் வாடி, யானைகளை உடைய ஒருவனின் ஊரை அடைந்தார். அவன் பயறு உண்டுகொண்டிருந்தான். தான் உண்ணும் அதையன்றி வேறில்லை என்று அவன் சொல்ல, அதையே கேட்டு வாங்கி உண்டார் உஷஸ்தி. பின்னர் அவன் பருகுவதற்கு நீரும் கொடுக்க, அது எச்சில் என்று மறுத்தார். பயறும் எச்சில்தானே என்று அவன் வினவினான். அப்பயற்றை உண்ணாவிடில் உயிர் நில்லாது. நீரோ வேறிடத்திலும் கிடைக்கும் என்பது அவர் விடையின் கருத்து.

ஒரே மனிதர், ஒரே வேளையில், ஒரே கையிலிருந்து வந்த இரண்டனுள் ஒன்றை ஏற்று ஒன்றை மறுத்தார். அவரை வழிநடத்தியது பசியும் அன்று, பிடிவாதமும் அன்று. வேறு வழி உண்டா என்ற ஒரே ஆராய்ச்சிதான். உயிர் போகும் தறுவாயில் மட்டுமே எல்லா உணவுக்கும் இசைவுண்டு என்று பிரம்ம சூத்திரமும் இக்கருத்தை நிலைநாட்டுகிறது.

இந்த அளவுகோலால் அம்மையாரின் நிலையை அளந்தால் விடை தெளிவாகும். உயிர் காக்கும் மருந்து ஒன்று ஜெலட்டின் உறையில் மட்டுமே கிடைக்குமானால், அது உஷஸ்தி உண்ட பயறு. அதை உட்கொள்வதால் விரதம் அழியாது. எடை குறைக்க உதவும் கோழி சூப்போ, அவர் மறுத்த நீர். பருப்பும் தயிரும் கீரையும் கிடைக்கும் நாட்டில், அவற்றை அளந்து உண்டும் எடையைக் குறைக்கலாம். வேறு வழி இருக்கும்போது ஆபத்தருமத்தைத் துணைக்கு அழைப்பது, ஆபத்தருமத்தையே மலிவாக்குவதாகும். உடம்பு இருந்தால்தான் விரதம் என்று மகன் சொன்னது உண்மையே. உடம்பைக் காக்க விரதத்தை விடவேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படவில்லை.

விரதத்தின் மறுபாதி

இதுகாறும் சொன்னவை விரதத்தின் ஒரு பாதி. மறுபாதி, மரக்கறி உண்போரைக் கூசச் செய்யக் கூடியது.

புலாலைத் தொட்டறியாத அந்த அம்மையாருக்கு உடல் பருத்தது எதனால்? மூட்டுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் பரம்பரை, வயது முதலிய காரணங்கள் பலவாகலாம். பருத்தோரைப் பழித்தல் அறிவுடைமையாகாது. எனினும் இலையில் விழும் அளவுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு மேஜைக்கரண்டி நெய் ஏறக்குறைய 110 கலோரி. அதே அளவு எண்ணெய் 120. ஒரு கிண்ணம் சோறு 200ஐ எட்டும். நெய் வழியும் அக்காரவடிசிலும் வெண்பொங்கலும் எவ்வளவு தூயனவாயினும், வயிறு அவற்றின் தூய்மையைப் பார்த்து அளவைத் தள்ளிவிடுவதில்லை. ஏகாதசியன்று உபவாசம் இருந்து, துவாதசியன்று இருநாள் உணவை ஒரு வேளையில் உண்போரும் உளர்.

மிகுதியாக உண்பவனுக்கும் யோகமில்லை, அறவே உண்ணாதவனுக்கும் யோகமில்லை என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அருளிய பொருள். முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்க என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் உட்கிடை. எதை உண்பது என்பதைப் போலவே எவ்வளவு உண்பது என்பதும் சாத்திரத்தின் விதி. ஒன்றைத் தலைமேற்கொண்டு மற்றதை மறந்துவிட்டு, விரதம் காத்ததாகப் பெருமை கொள்வது பாதி மாலையைச் சார்த்துவது போன்றது.

இவ்விடத்தில்தான் அயல்நாட்டுப் பெட்டி ஒரு பாடம் புகட்டுகிறது. எது என்ற வினாவில் அதற்குக் கவலை குறைவு. எவ்வளவு என்ற வினாவில் அது கண்டிப்பானது. அம்மையாரின் இல்லமோ எது என்பதில் கண்டிப்பானது. எவ்வளவு என்பதில் தாராளமானது. இரண்டும் தத்தம் பாதியை மட்டும் காத்து நிற்கின்றன. அறிவுடையார் பெட்டியிடமிருந்து அளவைக் கற்று, இல்லத்திடமிருந்து ஆசாரத்தைக் காத்து, இரண்டையும் ஒரே இலையில் சேர்ப்பர்.

நடைமுறையில் அது அரிதன்று. ஐயமற்ற மரக்கறி வகைகள் பெட்டியில் கிடைக்குமாயின் சில வாரங்களுக்கு அவற்றைக் கொள்ளலாம். அப்போதே ஒவ்வொரு பொட்டலத்தின் எடையையும் கலோரியையும் கண்டு, வயிற்றுக்குப் போதுமான அளவு இது என்று கைக்கும் கண்ணுக்கும் பழக்கிவிடல் வேண்டும். பின்னர், வீட்டுச் சமையலையே அந்த அளவுக்குக் கொணரலாம். சோறு சுருங்கி, காய்கறி பெருகி, பருப்பும் பயறும் தயிரும் புரதத்துக்காக நிலைபெற்ற இலை எந்தப் பெட்டிக்கும் குறைந்ததன்று. புலால் நீத்தார்க்குக் குறையக்கூடிய பி12 உயிர்ச்சத்து, பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. போதாதெனில் மருத்துவர் சொற்படி ஈடுசெய்யலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், உணவைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவரைக் கேட்டே மாற்றுதல் இன்றியமையாதது.

பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணாமல் உண்ணாத வழக்கமுடையார்க்குப் பெட்டியுணவு மற்றொரு மனக்குறையைத் தரும். எவர் ஆக்கியதென்று அறியாத ஒன்றைச் சமர்ப்பிக்க உள்ளம் துணியாது. ஆயினும் பழமும் பாலும் உண்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்திட்டமே ஓர் இடத்தை ஒழித்து வைத்திருக்கிறது. இலை, மலர், பழம், நீர் என்னும் எளியவற்றையே பகவான் கீதையில் வேண்டினான். ஒரு வாழைப்பழத் துண்டும் திருத்துழாய் இட்ட தீர்த்தமும் சமர்ப்பித்து, அவற்றை முதலில் உட்கொண்டபின் ஏனையவற்றை உண்பார்க்கு, அந்த வேளை பிரசாதத்தோடு தொடங்கியதாகிறது.

தராசின் முன்னே

எடைக்குறைப்பை மேற்கொண்டார் அனைவரும் அறிந்த சோதனை ஒன்றுண்டு. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே தக்கது என்பர் மருத்துவர். ஒரு வாரம் குறையும். மறுவாரம் முள் அசையாது. குறைந்த வாரத்தில் களிப்பு மேலிட்டு விருந்தில் அமர்வர். அசையாத வாரத்தில் மனம் சோர்ந்து, ஆசாரமும் வேண்டாம், அளவும் வேண்டாம் என்று கைவிடுவர். விரதம் பெரும்பாலும் முறிவது பசியாலன்று. இந்தச் சோர்வாலும் களிப்பாலுமே.

ஏழு சாதனங்களின் இறுதியில் அநவஸாதமும் அநுத்தர்ஷமும் வைக்கப்பட்டதன் அருமை இங்கு விளங்கும். மனம் தளராமை முன்னது. களிப்பில் மிதமிஞ்சாமை பின்னது. அவை பக்தி யோகத்துக்கு விதிக்கப்பட்டவையேயன்றி உடல் மெலிவதற்கு விதிக்கப்பட்டவை அல்ல. ஆயினும் உணவில் தொடங்கிய வரிசை மனத்தின் சமநிலையில் முடிவதை நோக்கினால், உண்ணும் முறையைக் காப்பது உள்ளத்தைக் காப்பதற்கே என்பது புலனாகும். ஒருநாள் அறியாமல் ஜெலட்டின் கலந்ததை உண்டுவிட்டார் என்பதால் விரதம் ஒழிந்துவிட்டதாக எண்ணுவது அவஸாதம். ஆறு மாதம் தவறாமல் நடந்துவிட்டார் என்பதால் பிறர் இலையைக் குற்றம் சொல்லத் தொடங்குவது உத்தர்ஷம். இரண்டுக்கும் நடுவே அப்யாஸம் என்னும் நாள்தோறும் பழகும் பழக்கம் அமைதியாக நடந்துகொண்டிருக்கும்.

ஆக, புலால் உண்ணா விரதம் பெட்டியின்மேல் அச்சிட்ட ஒரு சொல்லில் இல்லை. ஒருவர் பிறந்த குலத்தின் பழக்கத்திலும் இல்லை. கையிலுள்ளது எது என்று கேட்கும் பொறுமையிலும், இவ்வளவு போதும் என்று நிற்கும் அடக்கத்திலும் அது வாழ்கிறது. அந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து, பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்துகளை வரிவரியாகப் படித்து, ஐயமுள்ளதை ஒதுக்கி, ஐயமற்றதை அளவோடு உண்பாராயின், விவேகம் என்னும் முதற்படியில் அவர் நிற்கிறார் என்பதில் ஐயமில்லை.

உற்சவத்தில் பிரசாதம் பெறும் அடியார்கள், அடுத்த முறை அந்தத் தொன்னையைக் கையில் ஏந்தும்போது அதன் சிறுமையைச் சற்றே நோக்குவாராக. தூய்மையும் அளவும் ஒருங்கே அமைந்த உணவு எப்படி இருக்கும் என்பதை அதுவே காட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு இலையும் அவ்வண்ணமே அமைவதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.